பயிற்சிக்குக் கொண்டுபோன தண்ணீர்

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் அயோடின் அளவு பார்க்கிற வேலை கீதாஞ்சலிக்கு. கம்பெனி புதிதாக ஒரு நிறமாலைமானி வாங்குவதாக இருந்தது. தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்து, உள்ளே கரைந்திருப்பதன் அளவைச் சொல்லும் கருவி. அதைப் பழகிக்கொள்ளப் புதுச்சேரியில் ஒரு கல்லூரிக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். ஆளுக்கொரு தண்ணீர் சாம்பிள் கொண்டுவரச் சொல்லியிருந்ததால், தெரு போர் பைப்பில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதல் நாள் நைட்ரேட் பார்த்தார்கள், உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் நிலத்தடித் தண்ணீரில் இறங்குகிற உப்பு. அளவு தெரிந்த கரைசல்களை வைத்து வரைபடத்தில் அவள் போட்ட கோடு நூல் பிடித்தாற்போல் வந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதே கையோடு தெருத் தண்ணீரை வைத்தாள். ரீடிங் அந்தக் கோட்டையே தாண்டிப் போயிற்று. பத்து மடங்கு நீர்க்க வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டாள். லிட்டருக்கு நூற்றுப் பதினெட்டு மில்லிகிராம். குடிக்கிற தண்ணீரில் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.

"நான்தான் தப்பா செஞ்சிட்டனா மேடம்?"

பயிற்சி கொடுத்த ஜெயப்ரியா தானே செய்து பார்த்தார். நூற்றுப் பதினாறு.

"யாரு குடிக்கிற தண்ணிம்மா இது?"

"நாங்கதாங்க. எங்க தெருவே இதத்தான் குடிக்குது."

"கைக்குழந்தை யாராச்சும் இருக்குதா?"

அண்ணி வைஜெயந்திக்குப் பால் பற்றவில்லை. மூன்று மாதக் குழந்தைக்குப் பால்பவுடரை இந்தத் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுக்கிறாள்.

"உடனே நிறுத்தச் சொல்லு. இது கைக்குழந்தை ரத்தத்துல ஆக்சிஜன் ஏற விடாது. உதடு, நகமெல்லாம் நீலம் பாரிக்கும். டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

கீதாஞ்சலி வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டாள்.

"நான் நல்லா கொதிக்க வெச்சித்தானே குடுக்கறேன் கீதா," என்றாள் வைஜெயந்தி.

"கொதிச்சா போவாது அண்ணி. சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்."

"ஒவ்வொரு வாட்டியும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கொதிக்க விட்டனே கீதா," என்று அண்ணி அழ ஆரம்பித்தாள்.

குழந்தைக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, தண்ணீரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் விஜயகுமார் கேன் வாங்கிப் போட்டான். மறுநாள் கீதாஞ்சலி அந்தக் கேன் தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்துப்போனாள். எழுபது.

"இத எழுதி சீல் போட்டுத் தருவீங்களா மேடம்?"

"பயிற்சி ரீடிங்குக்கு சீல் போட எனக்கு அதிகாரமில்லம்மா. அரசு லேபுல குடு," என்றார் ஜெயப்ரியா. அவர் முகம் வாடிப்போயிருந்தது. கல்லூரிக் குழாய்த் தண்ணீரைப் பார்த்தார்கள், ஆறுதான் இருந்தது. இரண்டு கேன்களில் நிரப்பி, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அரசு லேபில் ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஊராட்சி அலுவலகத்தில், "சீல் இல்லாத பேப்பர வெச்சி நாங்க என்னாம்மா பண்றது?" என்று அவள் ரீடிங் எழுதிக் கொண்டுபோன தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கருவி வாங்குவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி தள்ளிப்போட்டது. பக்கத்து வீடுகளில் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அதே பைப்பில் குடம் வைத்தார்கள். வேறு பைப் கிடையாது.

ஆறாம் நாள் கல்லூரித் தண்ணீர் தீர்ந்தது. கடையில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள்.

வைஜெயந்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல எவ்ளோ இருக்குது கீதா?"

"தெரியல அண்ணி."

உள்ளே குழந்தை பசித்து அழுதது. அண்ணி மூடியைத் திருகினாள்.