திரேசக்காவின் குரல்

தாளை இப்போதே கொடுத்துவிட்டால் மாமா அதை விரித்துப் படித்துவிடக்கூடும். அதனால் லீசா அதைக் கோட்டின் உள்பையிலேயே வைத்திருந்தாள். தேவாலய வாசலில் ஆட்கள் சப்பாத்துப் பனியை உதறிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஜோர்ஜ் மாமா கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். வயது எண்பத்து நான்கு. கூடப்பிறந்த தங்கையின், லீசாவின் அம்மாவின், செத்தவீட்டுக்கு, ஸ்ட்ரோம்மன் கடையில் புதுக் கழுத்துப்பட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிற மனுசன்.

தம்பி லூக்காஸ் அவள் காதோரம் வந்தான்.

"அக்கா, மாமா வாசிக்கிற தாளைக் குடுத்திட்டியே?"

"ஸ்லாப் அவ், லூக்காஸ், பதறாதை. இப்ப குடுக்கிறன்."

மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. காது இன்னும் கூர்மைதான்.

"அவசரமில்லைப் பிள்ளை. நான் தாளை முன்கூட்டிப் பாக்கிற ஆளில்லை. அந்த நாளையில றேடியோச் செய்தியை ஸ்ரூடியோ வாசல்லதான் கையில தருவாங்கள். கண் ஒரு வரி முன்னால ஓடும், வாய் பின்னால வரும். எழுத்தைப் பெரிசா அடிச்சனியே?"

"ஓம் மாமா. நல்ல பெரிசா."

ஒஸ்லோவில் எந்தத் தமிழ் விழா மேடையில் ஏறினாலும் அவர் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. ஒலிபரப்பின் நடுவில் நிறுத்தினால் வானொலியே செத்துப்போகும், என் வாழ்நாளில் நான் நிறுத்தியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார். கைதட்டல் விழும். அந்தப் பெருமையை நம்பித்தான் லீசா நான்கு நாட்களாக ஒரே ஒரு தாளை எழுதி எழுதித் திருத்தியிருந்தாள்.

அறுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், கொழும்பிலிருந்து ஒரு தொடர் நாடகம் ஒலிபரப்பானது. எழுதித் தயாரித்தவர் ஜோர்ஜ். அதில் திரேசக்கா என்று ஒரு மீன்காரி வருவாள். அவள் வாயைத் திறந்தால் ஊரில் தேத்தண்ணிக் கடைகள் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைக்கும். அந்தக் குரல் லீசாவின் அம்மா அனஸ்ரேசியாவுடையது. அப்போது அம்மாவுக்கு இருபது வயது.

நாடகம் முடிந்ததும் நடித்தவர்களின் பெயர்களை ஜோர்ஜே வாசிப்பார். தங்கையின் பெயர் றேடியோவில் போனால் மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் சோஃபியின் பெயரை வாசித்தார். சோஃபி அவர் கட்டிக்கொள்ளவிருந்த பெண். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒரு தடவை இருமியதுகூட இல்லை. கடிதங்கள் சாக்குக் கணக்கில் சோஃபிக்கு வந்தன. அம்மாவுக்கு மாப்பிள்ளை கிடைத்தது, கலியாணம் முடிந்தது, நோர்வேக்கும் வந்தாயிற்று. பெயர் மட்டும் திரும்பி வரவில்லை. ஒஸ்லோவில், குறொன்லாண்ட் கடையில் சோஃபி மாமி வெண்டிக்காய் பொறுக்கும்போதுகூட, "திரேசக்கா, ஒருக்கா அந்தக் குரலில கதையுங்கோவன்" என்று ஆட்கள் கேட்பார்கள். மாமி தொண்டையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். உண்மை தெரிந்த மற்ற நடிகர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மாமி இறந்தபோது, இதே தேவாலயத்தில் மாமா பழைய ஒலிநாடாவைப் போட்டார். திரேசக்கா பேசினாள், சனம் குலுங்கிக் குலுங்கி அழுதது. அம்மா இரண்டாம் வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லிங்ஸ்ருட் வீட்டுக்குத் திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்று, அந்தக் காட்சி முழுவதையும் அதே குரலில் பேசிக் காட்டினார். லீசாவுக்கு விசயம் தெரியவந்தது அன்றைக்குத்தான்.

"என்ர குரலை அவளோட குழிக்குள்ள தாட்டிட்டினம் பிள்ளை," என்றார் அம்மா.

"நான் எல்லாருக்கும் சொல்லட்டே அம்மா?"

"நீ சொல்லி என்ன? அவர்ர வாயால வரவேணும்."

போன கிழமை ஆஸ்பத்திரியில் லீசா மாமாவிடம் கேட்டும் பார்த்தாள். கையைப் பிடித்துக் கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும்.

"ஒருக்காச் சனத்துக்குச் சொல்லிவிடுங்கோ மாமா. அம்மா இருக்கேக்கயே."

"உந்தப் பழசைக் கிளறி இப்ப என்ன கண்டது? சோஃபி செத்திட்டாள். செத்தவளின்ர பேரைக் கெடுக்கிறதே?"

அம்மா கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று மாமா நினைத்தார். போர்வையின் ஓரத்தை அம்மாவின் விரல்கள் மெல்லச் சுருட்டுவதை லீசா பார்த்தாள். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். லீசா இன்னும் அழவில்லை. ஆத்திரம் அழ விடவில்லை.

பூசை முடிந்தது. பாதர் தலையசைத்தார். லீசா மாமாவின் முழங்கையைப் பிடித்து, நல்ல மருமகளாக, வாசிக்கும் மேசை வரை கூட்டிச்சென்று அங்கே வைத்துத்தான் தாளைக் கொடுத்தாள். பிறகு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். குரல் எழுந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது. கிழவிகள் இருந்த இடத்திலேயே நிமிர்ந்தார்கள்.

"பாசையூரைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட பேனாட் அனஸ்ரேசியா அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார், காலஞ்சென்ற பேனாட்டின் அன்பு மனைவியும், லீசா, லூக்காஸ் ஆகியோரின் பாசமிகு தாயாரும், ஜோர்ஜின் அன்புச் சகோதரியும்..."

லீசா அவர் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள். கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

வாய் நின்றது.

மரண அறிவித்தலில் 'சகோதரியும்' என்று குரலைத் தூக்கிவிட்டால் அதை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்க முடியாது. அந்த 'உம்' இன்னொரு 'உம்'மைக் கேட்கும். கடைசியில் ஒரு 'ஆவார்' வந்தால்தான் வசனம் அடங்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு லீசா அந்த வசனத்தை அப்படித்தான் கட்டியிருந்தாள். அவருக்கும் அது விளங்கியது. தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். இன்னொருவர் கதிரையை நகர்த்தினார்.

பழக்கம் அவரை விடவில்லை. மைக்கிலிருந்து முகத்தை விலக்கி, குரலை நெஞ்சுக்குள் இறக்கி, முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் எட்டுகிற அளவில் மிச்சத்தை வாசித்தார். 'ஆவார்' என்று முடித்துத் தாளை மடித்தார்.

கடைசி வரிசையிலிருந்து கமலாதேவியம்மா, காது மந்தமானவர்களுக்கே உரிய சத்தத்தில், பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்:

"என்னவாம்? திரேசக்கா எண்டமாதிரிக் கிடந்துது. எனக்கொண்டும் விளங்கேல்லை."

லீசா எழுந்தாள். லூக்காஸ் அவள் கோட்டின் கையைப் பிடித்தான்.

"காணும் அக்கா. விடு."

அவள் கையை உதறினாள்.

"மாமா, பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லையாம். கடைசி வரியை இன்னொருக்கா வாசியுங்கோ. மைக்குக்குக் கிட்ட."

"பிள்ளை..."

அந்த ஒரு சொல் ஒலிபெருக்கி வழியாகத் தேவாலயம் முழுக்கப் போனது. பாவம், கிழவன் என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. போர்வையைச் சுருட்டிய விரல்கள் ஞாபகம் வந்தன. நினைப்பு ஓடிவிட்டது.

"வாசியுங்கோ மாமா. அம்மாவுக்கும் கேக்கட்டும்."

தாள் மறுபடி விரிந்தது. அதன் சரசரப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. இந்த முறை அவர் ஒரு எழுத்தையும் விழுங்காமல் வாசித்தார்.

"ஜோர்ஜின் அன்புச் சகோதரியும், வானொலி நாடகத்தில் திரேசக்காவாகக் குரல் கொடுத்தவரும், அந்தப் பெருமையைச் சோஃபியின் பெயரில் வாசித்த என்னால், சாகும்வரை பெயர் மறைக்கப்பட்டவரும் ஆவார்."

கமலாதேவியம்மா மெதுவாக எழுந்து நின்று, மாமாவை அல்ல, சவப்பெட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் பாதர் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

மாமா கீழே இறங்கவில்லை. மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். மைக் திறந்தபடியே இருந்தது. அவர் மூச்சு வாங்குவது, இழுத்து, தடக்கி, மறுபடி இழுத்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தூணோரம் ஒலிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நோர்வேக்காரர் விசையில் விரலை வைத்து, நிறுத்தட்டுமா என்று லீசாவைப் பார்த்தார்.

லீசா வேண்டாம் என்று தலையசைத்தாள்.