பெரியகருப்பனுக்குப் பயமே கிடையாது

புருஷனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து அழுதுகொண்டிருந்த செல்லக்கிளி, பந்தலோரம் ஸ்கூட்டியை நிறுத்திய பவதாரணியைக் கண்டதும் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

பவதாரணி சுகாதார நிலையத்துப் பெண். வயதானவர்களுக்கு மனதில் பதற்றம் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேள்வி கேட்டு மார்க் போடுவது அவள் வேலை. போன வாரம் பெரியகருப்பனைக் கேட்டாள். அதாவது, அவரைப் பார்த்துக் கேட்டாள். பதில் சொன்னதெல்லாம் அடுப்படியிலிருந்த அவர் பெண்டாட்டி செல்லக்கிளி.

"ஐயா, சும்மா இருக்கையிலயே நெஞ்சு படபடன்னு வருதா?"

"அவருக்கு எதுக்கு வருது? ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டு போடிமெட்டு மலை வளைவுல ஜீப்பு ஓட்டுன மனுசன்!"

"ராத்திரி கவலையில முழிப்பு வருதா?"

"மொதல்ல கொறட்டைய நிறுத்தச் சொல்லு. எனக்குத்தான் முழிப்பு."

பெரியகருப்பன் தலையை மட்டும் ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பசி, சளி, கோபம் எல்லாவற்றுக்கும் அவள்தான் வாய். பதற்றம் பூஜ்யம் என்று பவதாரணி சொன்னதும், புருஷன் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்துவிட்ட மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மனுஷன் இன்று விடிகாலையில் காபிகூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: பயத்தோடு போனாரா? அன்றைக்கு அவரைப் பேச விட்டிருந்தால் தெரிந்திருக்கும். பாவி, விடவில்லையே!

பந்தலில் உட்கார்ந்திருந்த ராசிங்காபுரத்துச் சின்னையா, அவள் கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் சொன்னவர், பவதாரணியை வழிமறித்தார். "கெட்டது நடக்கப்போகுதோன்னு பயமா இருக்கான்னுதானே கேப்ப? நடந்துருச்சு தாயீ. எழுதிக்க."

செல்லக்கிளி அவளைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள்.

"நெசத்தைச் சொல்லு ஆத்தா. அவருக்குப் பயம் இருந்துச்சா?"

பவதாரணி தயங்கினாள். "அன்னைக்கு நான் வண்டி எடுக்கையில ஐயா பின்னாலயே வந்தாரு. 'அவ சொன்னது கெடக்கட்டும், இப்ப என்னையக் கேளு'ன்னாரு. மறுபடி எல்லாத்தையும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒவ்வொரு வளைவுலயும் பயந்து பயந்துதான் ஓட்டுனாராம். அது பழங்கதையாம். இப்ப ஒரே ஒரு பயந்தானாம். அவரு முந்திப் போயிட்டா, நீங்க யாருக்காகப் பதில் சொல்லுவீங்கன்னு."

செல்லக்கிளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் சிரிக்க முடியுமா? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நாலு பெண்கள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். அதன் பிறகு நிஜமாகவே அழுதாள். அவரை அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு.

கைத்தாங்கலாக அவளைக் கூட்டிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கொழுந்தன் மொக்கையன் இரண்டு மாலைகளோடு வந்து நின்றான்.

"மதினி, சம்பங்கியா ரோசாவா? அண்ணனுக்கு எதைப் போடட்டும்?"

செல்லக்கிளி வழக்கம்போல் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்தாள். மொக்கையன் மாலைகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான்.