அடையாள உப்பு

என் அப்பா கிளாரன்ஸுக்கு எப்போதும் ஒரு எதிரி வேண்டும். மம்மிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்ததும் கீழ்வீட்டுக் கமலநாதன் அங்கிள் சரியாக வந்து மாட்டினார்.

செந்தூலில் எங்கள் பிளாட்டின் மாடிப்படி ஓரமெல்லாம் அவருடைய தொட்டிகள்தான். கறிவேப்பிலை, மல்லிகை, ஒரு வெற்றிலைக் கொடி. மனைவி இறந்த பிறகு அவர் பேசுவது பெரும்பாலும் அவற்றிடம்தான். செடிகளுக்காக ஒரு டிரம்மில் மழைநீர் பிடித்து, வலைபோட்டு மூடி வைத்திருந்தார். மம்மியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அதை அவராகக் கவிழ்த்துவிட்டார். டாடிக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை லோரி வந்து தொட்டிகள் அத்தனையையும் அள்ளிப்போக வேண்டும் என்று பிளாட் கமிட்டியைச் சம்மதிக்க வைத்தார்.

நான் கொசு ஆராய்ச்சி செய்கிறவள். வலையைத் தாண்டிக் கொசு வெளியே வருகிறதா என்று பார்க்க, அந்த டிரம்மில் முன்பே ஒருவகை உப்பைக் கரைத்திருந்தேன். அந்தத் தண்ணீரில் வளர்ந்த கொசு அந்த உப்பை உடம்பில் சுமந்துகொண்டே பறக்கும். பிடித்துச் சோதித்தால் பிறந்த இடம் தெரிந்துவிடும். ஆள் பார்த்துக் குற்றம் சொல்லாத சாட்சி.

எங்கள் வீட்டில் பிடித்த கொசுக்களின் சோதனை முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்றில்கூட உப்பு இல்லை.

“அப்போ எங்கேருந்து வந்துச்சாம்?” டாடி எகிறினார்.

“வீட்டுக்குள்ளயே தேடிப் பாப்போம் டாடி.”

“என் வீட்டுலயா? தினமும் கூட்டித் துடைக்கிறேன்லா பிரெண்டா!”

துடைக்கிறார், உண்மைதான். குளியலறை, பிரிட்ஜ் தட்டு, பூ ஜாடி எல்லாம் சுத்தம். கடைசியாக மாதா சுரூபத்தின் முன்னால் டார்ச் அடித்தேன். அகலமான பித்தளைக் கிண்ணத்தில் கோயிலிலிருந்து மந்திரித்துக் கொண்டுவந்த தீர்த்தம் இருந்தது. அதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாலாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? அதனால் டாடி கொட்டுவதேயில்லை. குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார். தீர்த்தத்தை எங்களில் யாரும் தண்ணீராக நினைத்ததில்லை, நான் உட்பட. வெளிச்சம் பட்டதும் ஜெந்திக்-ஜெந்திக், அதுதான் கொசுப்புழு, கொத்தாக நெளிந்தது.

டாடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இது முன்னால நின்னுதான் தினமும் அவளுக்காக ஜெபம் பண்றேன்,” என்றார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

பிறகு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு படியிறங்கினார். கமலநாதன் அங்கிள் லோரிக்காகத் தொட்டிகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்க டிரம்மு இல்ல, கமலநாதன். எங்க வீட்டுத் தீர்த்தம்தான்.” டாடி கிண்ணத்தை நீட்டினார். “இத மண்ணுல ஊத்தணும். இந்த பிளாட்டுல மண்ணு உங்ககிட்டதான் இருக்கு.”

அங்கிள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“மல்லிகைக்கு ஊத்துங்கண்ணே,” என்றார். “கமிட்டிகிட்ட டிரம்முதான் காரணம்னே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில இருக்குற அக்காவுக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.”

டாடி மறுத்துத் தலையாட்டிவிட்டு ஊற்றினார். காலிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே போய், கமிட்டித் தலைவர் தம்புசாமியின் கதவைத் தட்டினார்.