முளைக்காத தட்டு

என் மகள் தனப்பிரியாவை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பிறவியிலேயே வந்த நோய். வியர்வையில் உப்பு ஏறும்; நெஞ்சுச் சளி பசையாக இறுகி, வருகிற கிருமிக்கெல்லாம் இடம் கொடுத்துவிடும். அதனால் எங்கள் மோகனூர் வீட்டில் காற்று நன்றாக வரும் அறையை அவளுக்கு ஒதுக்கினேன். அவ்வளவு காற்றை வீணாக்கலாமா? விதை வெங்காயத்தையும் அங்கேயே கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டேன். வெங்காயக்காரன் புத்தி!

இந்த வருடம் இருமல் திடீரென்று முற்றியது. பழைய மருந்து எதுவும் கேட்கவில்லை. நாமக்கல் டாக்டர் அறிவுச்செல்வி சளியைப் பரிசோதித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ஊட்டுல ஏதாச்சும் அழுகுதுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கூட்டுல என்னங்க அழுகுது? பண்டம் அத்தனையும் தங்கமுங்க!"

"ஏனுங்க, வெத வெங்காயம் கொழகொழன்னு போச்சுன்னு நேத்துத்தான பொலம்புனீங்க?" என்று என் மனைவி சௌந்திரம் போட்டு உடைத்தாள்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சளியில இருக்கறதும் அந்த வகைதானுங்க. பர்கோல்டீரியான்னு ஒரு கிருமி. மண்ணுல இருக்கும், வெங்காயத்த அழுக வெக்கும். நம்மள ஒண்ணும் பண்ணாது. இந்த மாதிரிப் புள்ளைங்க நெஞ்சுல ஒக்காந்தா எந்திரிக்காது. உங்க வெங்காயத்துல இருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா மொதல்ல அத வெளிய எடுங்க."

சளியைத் தடவிக் கிருமி வளர்க்கிற சின்னத் தட்டு ஒன்றைக் காட்டினார். மற்ற கிருமிகள் தலைகாட்டக் கூடாதென்று மருந்து கலந்த தட்டாம். அதில் இது மட்டும் நாற்றங்கால் மாதிரி முளைத்திருந்தது. விஷத்திலும் விளையுமா ஓர் உயிர்? எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பாட்டன் பூட்டனுக்கு முன்பிருந்தே என் மண்ணில் இருந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. அதைக் கும்பிடுவதா, மிதிப்பதா?

"இப்பத்தான் குடியேறியிருக்குது. இப்பவே வெரட்டுனா உண்டு. நெலச்சுட்டா நெஞ்சையே தின்னுரும்" என்றார்.

வெங்காயத்தை அன்றைக்கே தோட்டத்துக்குக் கடத்தினேன். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

"ஏனுங்கப்பா, வெங்காயம் வெக்க என்ற நெஞ்சுதான் கெடச்சுதா?" என்று சிரித்தாள். சிரிப்பே இருமலானது. நான் வெளியே போய் அழுதேன்.

எல்லாம் முடிந்து மறுபடி சளி எடுத்துப் புதுத் தட்டில் தடவி வைத்தார்கள். சில நாள் கழித்து டாக்டர் மூடிய தட்டைக் கையில் கொடுத்தார். சாய்த்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"இன்னும் பல தடவ பாக்கோணுமுங்க. ஆனா இன்னிக்கு மொளைக்கல."

போட்டது முளைக்காவிட்டால் தலையில் கைவைத்து உட்காருகிற ஆள் நான். அன்று அந்த வெறும் தட்டைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.