ஏணிக்கட்டு

கயிறு ஒரு துளையிலிருந்து எதிர்த்துளைக்கு நேராகப் போகிறது, தோலுக்கு அடியில் மறைந்து மேலே ஏறி, மறுபடி நேராக, இன்னொரு படியாக வெளியே வருகிறது, வாசற்படியில் உட்கார்ந்து என் கணவர் பூட்ஸுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருக்கிறார், நேற்றுத்தான் நான் அதைத் துடைத்து, பாலிஷ் போட்டு, பள்ளிக்கூட ஷூவுக்குக் கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து வைத்தேன், அத்தனையையும் உருவிவிட்டார், ஏங்க, நான் கட்டுனதுல இன்னா குத்தம், என்கிறேன், குத்தம் ஒண்ணுமில்ல, இது ஏணிக்கட்டு, கால்ல அடிபட்டா வீங்கிப்பூடும், அவுக்க முடியாது, கத்திய உள்ள வுட்டு ஒரே இழுப்பு, எல்லாப் படியும் அறுந்துடும், என்கிறார், யாரு இழுப்பாங்க, என்று கேட்கிறேன், இசக்கிதான், வேற யாரு, என்கிறார், வேற யாரு என்று அவர் சொன்னது இத்தனை வருஷம் கழித்தும் காதில் இருக்கிறது.

பட்டாளத்தில் ஆட்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள், ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும், என் கணவர் தாமோதரனுக்கு வாய்த்தவர் தென்காசிப் பக்கத்து இசக்கிமுத்து, பனிமலையில் கால்விரல் மரத்துப்போனால் தீயில் காட்டக்கூடாதாம், தோல் வெந்தாலும் தெரியாதாம், மற்றவர் தன் சட்டையைத் தூக்கி அந்தப் பாதத்தை வயிற்றோடு வைத்துக்கொள்ள வேண்டுமாம், கணவர் இதைச் சொன்னபோது முறையை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன், ஆனால் மனதில் தெரிந்ததெல்லாம் இன்னொருவர் வயிற்றில் அவருடைய பாதம், நான் பாலிஷ் போடுவதோடு சரி. அந்த வருஷத்தோடு அவருடைய சர்வீஸ் முடிகிறது, விரும்பினால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம், வருவீங்களா மாட்டீங்களா என்றால், பாக்கலாம், என்பார், இசக்கி இருக்கும்வரை இவர் வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அவர் தூங்கும்போது கால்சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துப் பார்ப்பேன், எனக்கு எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும், பிடியின் முதுகில் ஒரு இரும்புப் பட்டை, அதன் நுனியில் பல், அலகை விரித்ததும் பல் அலகின் பள்ளத்தில் போய் உட்காரும், க்ளிக் என்று ஒரு சத்தம், பிறகு பட்டையை அழுத்தினால்தான் மடங்கும், இந்தப் பூட்டு இல்லாவிட்டால் தானே மடங்கி விரலை வெட்டிவிடும், மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன், பிடியில் கட்டைவிரல் தேய்த்த குழிவில் என் விரலை வைத்துப் பார்ப்பேன், அவர் கையைப் பிடித்ததுபோல் இருக்கும்.

அந்த வருஷ லீவில், ஊருக்குப் போகும் வழியில் இசக்கிமுத்து எங்கள் வீட்டுக்கு வருகிறார், இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, கொழம்பு நல்லாத்தான் இருக்கு மைனி, அண்ணன் அளந்த அளவுக்கு இல்ல, என்கிறார், எல்லோரும் சிரிக்கிறோம், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன், கணவர் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனதும் கேட்டுவிட்டேன், தம்பி, அவர வுட்டுடுங்க, பத்தாதா இத்தினி வருஷம். இசக்கி சோற்றிலிருந்து நிமிர்கிறார், நானா மைனி புடிச்சு வச்சிருக்கேன், நீட்டிக்க வேண்டாம், இந்த லீவோட வீட்டுலயே இருந்துடுறேன்னு போன மாசமே ஆபீசர்ட்ட சொல்லிட்டாருல்லா, ஒங்ககிட்ட சொல்லலியா, என்கிறார், எனக்கும் வேற எடம் போட்டாச்சு, இனி நாங்க சேந்து நிக்கமாட்டோம், ஒங்கள நெனச்சா எனக்கு வயிறு எரியுது மைனி, சும்மா சொல்லல.

வயிறு எரிய வேண்டியவள் நான் அல்லவா, ஜெயித்துவிட்டேன் என்று அப்போது தோன்றியது, பஸ் நிறுத்தம்வரைக்கும் தோன்றிக்கொண்டிருந்தது, அங்கே இருவரும் பையில் கையை விட்டு ஆளுக்கொரு கத்தியை எடுக்கிறார்கள், என் கணவர் தன்னுடையதை நீட்டுகிறார், இசக்கி இடதுகையால் தன்னுடையதை, இன்னா பண்றீங்க, என்கிறேன், மொத நாளே மாத்திக்கிட்டோம் மைனி, அவரு பூட்ஸ் லேஸ அறுக்க வேண்டிய கத்தி என் கையில, என் லேஸ அறுக்க வேண்டியது அவரு கையில, இப்ப அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு, என்கிறார் இசக்கி, அப்படியானால் நான் எண்ணெய் விட்டது இசக்கியின் கத்திக்கு, பஸ் வந்தது, ஏறிக்கொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை, என் கணவரும் கையசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் சொந்தக் கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தார், கத்தி நேராக இறங்கவில்லை, கோணிக்கொண்டு போகிறது, வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன், பார்த்தவுடன் புரிந்துவிட்டது, இசக்கி இடதுகைக்காரர், சோறு தின்னும்போது மட்டும்தான் வலதுகை, இடதுகையால் இத்தனை வருஷம் தீட்டியதில் விளிம்பின் சரிவு மறுபக்கமாக விழுந்திருக்கிறது, வலதுகைக்கு அது இழுத்துக்கொண்டுதான் போகும், கல்லில் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் தேய்த்தால் போதும், சரியாகிவிடும், இதை அவருக்கு விளக்கிச் சொல்லி, குடுங்க, நானே தீட்டித் தர்றேன், என்றேன், வேணாம், அது அப்படியே இருக்கட்டும், என்கிறார், எனக்கே எனக்கென்று வீட்டுக்கு வந்துவிட்ட மனிதர், தலை குனிந்து நறுக்குகிறார், வில்லைகள் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் தட்டில் விழுந்துகொண்டே இருக்கின்றன.