ஆறாயிரம் மணி நேரம்

சோதனைக்கூடத்து அடுப்பிலிருந்து எடுத்த கம்பிச்சுருளைப் பொறியாளரான அவள் தொட்டதும் அதன் மேலிருந்த மின்காப்புப் பூச்சு சருகாய் உதிர்ந்தது. விமான ஜெனரேட்டருக்குள் இருக்கும் அதே வகைச் சுருள். இருபதாயிரம் மணி நேரம் தாங்கும் என்று மூன்று வருடங்களுக்கு முன் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அப்போது சூட்டை மட்டும் கணக்கில் எடுத்தாள், அதிர்வை விட்டுவிட்டாள். இப்போது இரண்டையும் சேர்த்தால் ஆறாயிரம்தான் வந்தது.

விமானப் பராமரிப்பில் இருந்த அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"ஆறாயிரம் மணி நேரம் தாண்டின விமானம் எத்தனைண்ணா இருக்கு?"

"நாலு. மூணு இங்கதான் நிக்குது. ஏன், உன் குரலே சரியில்லையே?"

"அதுங்களைப் பறக்க விடாத. என் கணக்கு தப்பு. காப்பு எப்ப வேணா போயிடும்."

"உன் வேலையும் போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். நாலாவது எங்க?"

"கடலுக்கு மேல. எங்க இறங்கணும்னாலும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

விமானிக்குத் தகவல் போனது. ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்று நின்றுவிட்டதாகப் பதில் வந்தது. மற்றதற்கும் அதே வயதுதான். அண்ணனும் தங்கையும் போனை வைக்காமல் காத்திருந்தார்கள்.

விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. மறுநாள் இரண்டாவது ஜெனரேட்டரைத் திறந்தபோது, உள்ளே பாதிச் சுருள்கள் கருகியிருந்தன.