ரோசி சொன்ன அளவு

நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்குள் நுழைந்ததும் ரோசியின் மூக்கில் ரப்பர் வாசனை ஏறியது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். சேலத்தில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். லாரிக்காரர்கள் உருட்டிக்கொண்டு வரும் மொட்டை டயர்களின் அளவைப் படித்து, பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதுவது அவள் வேலை. அந்த நாளில் அவள் சேலைத் தலைப்பு எப்போதும் வெள்ளையாகவே இருக்கும்.

வெளியே நின்றது அவள் கணவர் கிறிஸ்துராஜின் க்ரூஸர் பைக். மேட்டூரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டு மாதமாக இதோடுதான் கிடந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் இடப்பக்கம் ஒரு சைடுகார் செய்து மாட்டினார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை அகலப்படுத்தி, கார் ரிம் ஒன்றையும் பொருத்திவிட்டார். டயர் மட்டும்தான் பாக்கி. பட்டறை மினிலாரியில்தான் வண்டி கடை வாசலுக்கு வந்து இறங்கியிருந்தது.

எல்லாம் ரோசிக்காகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் முழங்கால் இரண்டிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் எட்டி ஏறிப் பின்சீட்டில் உட்கார முடியவில்லை. அதற்கு முன் எந்த ஞாயிறும் தவறியதில்லை. காலைப் பூசை முடிந்ததும் சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக மோகனூர் காவிரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். வாரம் முழுக்க அவருக்கு ஷிப்ட், அவளுக்குக் கம்பெனி. புருஷன் பெண்டாட்டியாக அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த எழுபது கிலோமீட்டரில்தான். அவர் காதருகே வாயை வைத்து அவள் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டுவார்.

கடைக்காரி கயல்விழி, இந்த வண்டிக்குக் கார் டயர் எதற்கு என்று கேட்டாள். பைக் டயரின் மேல்பரப்பு வளைவில் சாய்வதற்கென்று உருண்டையாக இருக்கும். சைடுகார் மாட்டிய வண்டி சாயாது, தட்டையான டயர்தான் பாரம் தாங்கும், சீக்கிரம் தேயாது என்று கிறிஸ்துராஜ் விளக்கினார். பிறகு சுவரோரம் இருந்த இருநூற்று ஐந்து மில்லிமீட்டர் அகல டயரைத் தட்டிக் காட்டினார். பின்னால் பார்க்க யானை மாதிரி இருக்குமாம்.

ரோசி அந்த டயரின் எழுத்தைப் படித்தாள். இருநூற்று ஐந்துக்கு அறுபத்தைந்து, ரிம் பதினைந்து: அகலம், அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம், ரிம் எத்தனை அங்குலம். கயல்விழியிடம் டேப்பை வாங்கி, குனிய முடியாமல் சைடுகார் விளிம்பில் உட்கார்ந்து அளந்தாள்.

"இது வேண்டாங்க. பழைய பைக் டயரைவிட மூணு சென்டிமீட்டர் உசரம் கூடிப்போகும், மட்கார்டுல இடிக்கும். செயினுக்கும் இடம் இல்ல. நூத்தி எழுபத்தஞ்சுக்கு அறுபத்தஞ்சு போடுங்க. உசரம் கிட்டத்தட்ட பழசேதான், ஒரு விரல் இடைவெளியும் மிஞ்சும்."

கிறிஸ்துராஜ் யானையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார்.

"அக்கா சொல்றதுதாங்க சரி" என்றாள் கயல்விழி. "நானே கணக்குப் போட்டுத்தான் சொல்லோணும். நீங்க பார்த்ததுமே சொல்லிப்போட்டீங்க."

நூற்று எழுபத்தைந்து கச்சிதமாக உட்கார்ந்தது. அங்கிருந்தே மோகனூருக்குக் கிளம்பினார்கள். வண்டி கொஞ்சமும் உதறாமல் ஓடியது.

ஆனால் ரோசிக்கு அழுகைதான் வந்தது. தாழ உட்கார்ந்தவள் கண்ணுக்கு லாரிச் சக்கரங்களும் அவருடைய இடது முழங்காலும்தான் தெரிந்தன; முகம் தெரியவில்லை. கரும்பு லாரி ஒன்று போனபோது ஏதோ சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொல்லும் அளவுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

மோகனூரில் டீக்கடை முன்னால் நிறுத்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். எட்டு மாத உழைப்பு அவர் முகத்தில் நின்றது. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் ரோசி நினைத்தாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்குங்க. ஆனா வழி நெடுக உங்க முழங்காலோடதான் பேசிக்கிட்டு வந்தேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இறங்கலாம் என்று ரோசி சைடுகாருக்குள் எழுந்து நின்றாள். நாற்காலி உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது பின்சீட்டு. கையை ஊன்றினாள். மூன்று சக்கரத்தில் நின்ற வண்டி அசையவே இல்லை. மெல்லத் திரும்பி, சீட்டில் உட்கார்ந்தாள். பாதங்கள் சைடுகார்த் தரையிலேயே வசதியாக இருந்தன. வலிக்கவில்லை.

"ஏங்க, இங்க பாருங்க" என்றாள்.

கிறிஸ்துராஜ் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தார். முதலில் பயந்தார். பிறகு சக்கரத்தைச் சுற்றி வந்து, டயர் அமுங்குகிறதா என்று குந்திப் பார்த்தார். டயர் தாங்கியது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: சைடுகார் காலியாக இருந்தால் இடப்பக்கம் திரும்பும்போது அது தூக்கிவிடும்; அதில் பாரம் வேண்டும்.

டீக்கடைக்கு எதிரில் ஒருவர் வாழைத்தார் விற்றுக்கொண்டிருந்தார். மூன்று பெரிய தார்களை வாங்கி, ரோசியின் காலுக்கு இடம் விட்டு, சைடுகாரில் கயிறு போட்டுக் கட்டினார். ஊர் போய்ச் சேரும்வரை வேகத்தைக் கூட்டவே இல்லை. ராசிபுரம் தாண்டும்வரை ரோசி வாய் மூடவில்லை. இரண்டு வருஷத்துக் கதை சேர்ந்திருந்தது.

மூன்று தார் பழத்தையும் இரண்டு பேர் தின்ன முடியுமா? அந்த வாரம் பங்குக் கோயில் தெரு முழுக்க வாழைப்பழம் போனது. அடுத்த ஞாயிற்றுக்கு ரோசியே இரண்டு சாக்கில் மணல் நிரப்பி வைத்தாள்.